வெம்ப்ளியில் ஒரு ஜெர்மானியர்

பர்மிங்காம் நகர அணியார் அந்தப் பருவத்து எப்.ஏ. கோப்பைப் போட்டி முழுவதும் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டங்கூட ஆடக் கொடுத்துவைக்காமல், டார்க்கியை 7-க்கு 1 என்றும், லேட்டன் ஓரியன்டை 4-க்கு 0 என்றும், வெஸ்ட் பிராம்விச்சை ஒற்றைக் கோலிலும், ஆர்சனலை 3-க்கு 1 என்றும் அவரவர் வாசலிலேயே வென்று, அரையிறுதியில் சண்டர்லாண்டையும் மூன்று கோல்களால் வீழ்த்தி, ஆக 18 கோல்கள் போட்டு இரண்டே கோல்கள் வாங்கியவர்களாக, 1956 மே 5-ஆம் தேதி வெம்ப்ளிக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். அந்தத் திக்விஜயத்தை இறுதி ஆட்டத்தில் மறித்த மான்செஸ்டர் சிட்டியார், டான் ரெவியைத் தாக்கும் வரிசையின் நடுவிலிருந்து பின்னே இறக்கி நிறுத்திய யுக்தி இரண்டாம் பாதியில் எவ்வாறு பலித்தது என்பதை இந்த வாரம் விவரிப்பதாகவும் வாக்களித்திருந்தேன்.

அந்த யுக்தியை விவரிக்கத் தொடங்கினால், முதலில் பேச வேண்டியவர் ரெவி அல்லர். அவருக்குப் பின்னால், கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். பந்தைப் பிடித்தவுடன் மைதானத்தின் மறுகோடிக்கு உதைத்து அனுப்பிவிட்டு, அது யார் காலில் விழுந்தாலும் தம் கடமை முடிந்ததென்று இருப்பதே அக்காலத்து ஆங்கிலக் கோல்கீப்பர்களின் வழக்கமாயிருக்க, சிட்டியின் பெர்ட் டிரவுட்மன் மட்டும், பிள்ளைப்பிராயத்தில் ஜெர்மனியில் கைப்பந்தாட்டம் பழகிய புஜபலத்தால், பந்தைக் கையாலேயே நெடுந்தூரம் எறிந்து, கென் பார்ன்ஸ் நின்றால் பார்ன்ஸின் காலடியிலும், ரெவி இறங்கி வந்தால் ரெவியின் காலடியிலும் சேர்ப்பார். ரெவியின் திட்டமென்று பத்திரிகைகள் பெயர் சூட்டிய அந்த யுக்தியின் முதல் அடி அவருடைய கையிலிருந்தே பிறந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆகையால் அவரைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

பெர்ன்ஹார்ட் கார்ல் டிரவுட்மன் 1923 அக்டோபர் 22-ஆம் தேதி பிரெமன் நகரில் பிறந்தார். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ஆம் ஆண்டிலேயே, பத்து வயது நிரம்புமுன், நாஜிகளின் சிறுவர் படையில் சேர்க்கப்பட்டார். பதினேழு வயதில் விமானப்படையில் சேர்ந்து, பிறகு பாராசூட் வீரராகி, ருஷ்யப் போர்முனையின் பனியிலும் சேற்றிலும் கிடந்து, இரும்புச் சிலுவை விருது பெற்றார். உக்ரேன் நாட்டுக் காடொன்றில் குடிமக்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றதைத் தம் கண்ணால் கண்டு, மறைந்திருந்து தப்பி ஓடியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இவற்றை மறைத்து அவரை ஒரு நிர்மலமான வீரராகச் சித்திரிப்பவர்கள் அவருக்கு உபகாரம் செய்வதாக நான் கருதவில்லை. விஷம் ஊட்டி வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளை, அந்த விஷத்தை எந்த மண்ணில், யார் நடுவில் இருந்து கக்கினான் என்பதில்தான் இவருடைய கதையின் விசேஷம் இருக்கிறது.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், படையைப் பிரிந்து தனியே ஊரை நோக்கி நடந்தவர், வழியில் ஒரு வேலியைத் தாண்டிக் குதிக்க, குதித்த இடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சுடப்படுவோமென்று நடுங்கியவரைப் பார்த்து அவன் தேநீர் வேண்டுமா என்று கேட்டான் என்பது பிரசித்தமான கதை. கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, லங்காஷயரில் ஆஷ்டன் என்னும் ஊரின் ஐம்பதாம் எண் முகாமில் வைக்கப்பட்டார். அங்கே கைதிகள் கால்பந்து ஆடினார்கள். அவரும் ஆடினார், ஆனால் கோல்கீப்பராக அல்ல, தடுப்பு வரிசையின் நடுவே. ஒரு நாள் ஆட்டத்தில் காலில் அடிபட்டு ஓட முடியாமற் போகவே, கோலில் நின்றிருந்த தோழருடன் இடம் மாற்றிக்கொண்டார். அன்று நின்ற இடத்தை விட்டு அவர் பிறகு திரும்பவேயில்லை. பெர்ன்ட் என்ற பெயர் ஆங்கிலேயர் நாவில் பெர்ட் என்று திரிந்ததும் அந்த நாட்களிலேதான்.

1948-இல் முகாமை மூடி, கைதிகளை ஊருக்கு அனுப்பினார்கள். அவர் போக மறுத்தார். பண்ணை வேலையும், வெடிக்காமல் புதைந்து கிடந்த குண்டுகளை அகற்றும் வேலையும் செய்துகொண்டு, செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறிய சங்கத்துக்கு வார இறுதிகளில் கோல் காத்தார். அந்தச் சிறிய ஊர் ஆட்டங்களுக்கு அவரைப் பார்க்கவென்றே ஜனங்கள் கூடத் தொடங்கினார்கள். 1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டியார் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டபோது காலியாயிருந்தது சாமானியமான ஸ்தானம் அன்று. சிட்டியின் ரசிகர்கள் தெய்வத்துக்கு நிகராகக் கொண்டாடிய பிராங்க் ஸ்விப்ட் ஓய்வு பெற்று இறங்கிய ஸ்தானம். அந்த இடத்தில், குண்டு விழுந்து இடிந்த வீடுகளை இன்னும் கட்டி முடிக்காத ஒரு நகரத்தில், ஹிட்லரின் பாராசூட் வீரனையா நிறுத்துவது என்று ஊர் கொதித்தது. பருவச் சீட்டுகளைக் கிழித்தெறிவோமென்று கடிதங்கள் குவிந்தன. ஏறத்தாழ 20,000 பேர் தெருவில் திரண்டு கண்டனம் செய்ததாகச் சொல்வார்கள்.

அப்போது இருவர் பேசினார்கள். ஒருவர் அணித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டிப் படையெடுப்பில் ஜெர்மானியருக்கு எதிராகவே போரிட்டுத் திரும்பியவர். இந்த அறைக்குள் யுத்தம் கிடையாது என்று சொல்லி, உடை மாற்றும் அறையில் டிரவுட்மனை வரவேற்றார். மற்றவர் மான்செஸ்டர் யூதர்களின் தலைமை மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன். நாஜிகளிடமிருந்து 1938-இல் பெர்லினை விட்டுத் தப்பி வந்தவர். பெற்றோரை அந்த நாஜிகளுக்குப் பலிகொடுத்தவர். மான்செஸ்டரின் யூதர்களிலோ சிட்டியின் ரசிகர்கள் ஏராளம். அந்த மதகுரு, உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், ஒரு தேசம் செய்த பாபத்துக்குத் தனி மனிதன் ஒருவனைத் தண்டிப்பது தகாது, அவனவனை அவனவன் குணத்தைக் கொண்டே நிதானிக்க வேண்டும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். கூச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

கோப்பைகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கோல்களை எண்ணுகிறார்கள். அந்தக் கடிதத்தை எண்ணுவதில்லை. 1956-ஆம் வருஷத்து எப்.ஏ. கோப்பையை வென்று கொடுத்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், அன்று களத்தில் ஓடிய பதினொருவரோடு, ஏழு ஆண்டுகளுக்கு முன் எழுதுகோலை எடுத்த அந்த மதகுருவையும் சேர்த்தே சொல்வேன். தாயையும் தகப்பனையும் இழந்த ஒருவர், இழக்கச் செய்தவர்களின் சீருடை தரித்திருந்த ஒரு வாலிபனுக்காகப் பரிந்து பேசுவதற்கு எவ்வளவு ஆத்மபலம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைக்கும்போது, அந்த இறுதி ஆட்டத்தில் டிரவுட்மன் உடைந்த கழுத்தோடு கோல் காத்த, இனி நான் சொல்லப்போகும் தைரியங்கூட என் கண்ணுக்குச் சற்றுச் சிறிதாகவே தெரிகிறது.

1950 ஜனவரியில் சிட்டியார் லண்டனில் புல்ஹாம் அணியோடு ஆடச் சென்றார்கள். ஜெர்மானியக் குண்டுகளை நாள்தோறும் வாங்கிய நகரம் அது. ஆட்டம் தொடங்கியதும் டிரவுட்மனைத் திட்டாத வாய் இல்லை. சிட்டி அன்று தோற்றது, ஆனால் ஒரே கோலில்; மற்றவற்றையெல்லாம் அவர் பாய்ந்து பாய்ந்து தடுத்திருந்தார். ஆட்டம் முடிந்து அவர் வெளியேறும்போது, சற்று முன்வரை வைத கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, இரு அணி வீரர்களும் வழியின் இரு பக்கமும் வரிசையாக நின்று அவருக்கு மரியாதை செய்தார்கள்.

இடையில் நடந்தவை வாசகர்கள் அறிந்தவையே. 1955 இறுதி ஆட்டத்தில் நியூகாசிலின் ஜாக்கி மில்பர்ன் 45 விநாடிகளுக்குள் தலையால் முட்டிக் கோல் போட்டதையும், முதற்பாதியிலேயே ஜிம்மி மெடோஸ் முழங்கால் முறிந்து வெளியேற, பதிலாக ஒருவரை இறக்க விதி இடங்கொடாமையால், சிட்டியார் பத்துப் பேராகவே ஆடி 3-க்கு 1 என்று தோற்றதையும், அடுத்த வருஷம் திரும்பி வந்து கோப்பையைக் கொண்டுபோவோமென்று தலைவர் ராய் பால் சபதம் செய்ததையும் முன்பே எழுதியிருக்கிறேன். மெடோஸ் அதற்குப் பின் ஆடவேயில்லை. அடிபட்டவனுக்குப் பதிலாள் கூடாதென்ற அந்த விதியை ஆண்மையின் இலக்கணம்போல் காத்து வந்த பெரிய மனிதர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வீரனுடைய முழங்காலைக் கொண்டுபோன பிறகாவது அவர்கள் அதை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை, மறு வருஷம் அதே மைதானத்தில் அதே விதி ஓர் உயிரையே கொண்டுபோகப் பார்த்தது.

அந்த மறு வருஷத்துப் பயணமும் சுலபமானதல்ல. மூன்றாம் சுற்றில் பிளாக்பூலோடு ஆடியது மூடுபனியால் பாதியில் கைவிடப்பட்டு, மறுபடி ஆடி வெல்ல வேண்டியிருந்தது. பிறகு சவுத்எண்ட், லிவர்பூல், எவர்டன். வில்லா பார்க்கில் டாட்டன்ஹாமோடு நடந்த அரையிறுதியில் ஒரே கோலில் முன்னிற்கையில், கோலை நோக்கிச் சென்ற ஜார்ஜ் ராபின் காலை டிரவுட்மன் கையால் பற்றி இழுத்துவிட்டார். நடுவர் தண்டனை உதை கொடுக்கவில்லை. அது தவறுதான், நான் போற்றும் மனிதர் செய்தார் என்பதற்காக அதைத் தவறில்லையென்று சொல்ல மாட்டேன். பழைய வசைக் கடிதங்கள் மறுபடி வரத் தொடங்கின. ஆயினும் இறுதி ஆட்டத்துக்கு முன்னரே, கால்பந்து நிருபர்கள் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்; அதற்கு முன் எந்தக் கோல்கீப்பருக்கும் கிடைக்காத கௌரவம் அது.

மே 5. லட்சம் ஜனங்கள். மூன்றாம் நிமிஷத்தில் ரெவி தொடங்கி வைத்ததை ஜோ ஹேஸ் கோலாக்கினார். நோயல் கின்சி சமன் செய்தார். இடைவேளைக்குப் பின் ஜாக் டைசனும் பாபி ஜான்ஸ்டனும் சில நிமிஷங்களுக்குள் அடுத்தடுத்துப் போட, சிட்டி 3-க்கு 1 என்று முன்னேறியது. மூன்றாவது கோலுக்கு முந்திய கணத்தில், பர்மிங்காம் வீரரின் காலடியில் விழுந்து பந்தைக் கவர்ந்து, டைசனை நோக்கி அனுப்பியவரும் டிரவுட்மனே.

இன்னும் 17 நிமிஷங்கள் இருந்தன. பர்மிங்காமின் பீட்டர் மர்பி, டேவ் யூவிங்கை முந்திக்கொண்டு கோலை நோக்கி ஓடி வந்தார். டிரவுட்மன் முன்னே பாய்ந்து, அவர் காலடியில் தலை கொடுத்து விழுந்து பந்தைப் பற்றினார். அதே வேகத்தில் மர்பியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதியது. மர்பியைக் குறை சொல்வோர் உண்டு, அது அநியாயம். பந்துக்காக ஓடியவர் அவர். ஓடுகிற உடம்பை அரை அடி தூரத்தில் நிறுத்த எவராலும் முடியாது. டிரவுட்மன் நினைவிழந்து கிடந்தார். நடுவர் ஆல்ப் பாண்ட், வாலிபத்தில் விபத்தொன்றில் ஒரு கையை இழந்தவர், உடனே ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். மருந்துப் பையுடன் லாரி பார்னெட் ஓடி வந்தார். ராய் லிட்டிலைக் கோலில் நிறுத்தலாமென்று ராய் பால் யோசித்தார். எழுந்து நிற்கவே தள்ளாடியவரோ, இடத்தை விட மறுத்தார். பிறகும் ஒருமுறை மர்பியின் காலிலிருந்து கோலைக் காத்தார். இன்னொரு முறை தம்முடைய யூவிங்கோடேயே மோதி மீண்டும் சாய்ந்தார். தலையை எந்தப் பக்கமும் திருப்ப முடியாமல், கண்ணெதிரே எல்லாம் மங்கலாகத் தெரிய, அந்த 17 நிமிஷங்களையும் நின்று கழித்தார்.

பதக்கம் வாங்கப் படியேறியபோது கழுத்து ஒருபுறம் கோணியிருந்தது. அன்றிரவு விருந்துக்கும் போனார். சுளுக்கென்றே எல்லோரும் எண்ணினார்கள். நான்கு நாட்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கழுத்தெலும்பு வளையங்களில் ஐந்து இடம் பிசகியிருந்ததும், இரண்டாவது இரண்டாகப் பிளந்திருந்ததும், பிசகிய மூன்றாவது அதன்மேல் ஆப்புப்போல் இறுகி நின்று மேலும் விலகாதபடி தாங்கியிருந்ததும் தெரிந்தன. அவர் பிழைத்தது அந்த ஒற்றை எலும்பின் தயவால். மாவுக்கட்டோடு அவர் கிடந்த அந்த வாரங்களுக்குள்ளேயே, அவருடைய ஐந்து வயதான மூத்த மகன் மோட்டார் மோதி இறந்துபோனான்.

ரெவி இறங்கி நின்றதையும், டைசனும் ஜான்ஸ்டனும் அந்த இடைவெளியில் புகுந்ததையும் அடுத்த வாரம் எழுதுகிறேன். அன்று எதிர்க்கோலில் நின்று மூன்று கோல்களையும் வாங்கியவர் பர்மிங்காமின் கில் மெரிக். 1953 நவம்பர் 25-ஆம் தேதி, அதே வெம்ப்ளியில், ஹங்கேரியின் ஹிதெகுட்டி இதே விதமாகப் பின்னே இறங்கி நின்று இங்கிலாந்தைச் சிதற அடித்தபோது ஆறு கோல்கள் வாங்கியவரும் அவரே. சிட்டியார் அந்த யுக்தியைக் கற்றதும் அன்றைய ஹங்கேரியரிடமிருந்துதான். ஆகவே, அடுத்த வாரம் மெரிக்கிடமிருந்து தொடங்குவேன்.