ஓரச்சு வடம்: அரைநூற்றாண்டு காத்திருந்த ஒரு கருத்து

ஒரு கண்டுபிடிப்பு எப்போது பிறக்கின்றது? அது ஏட்டிற் பதியப்பெற்ற நாளிலா, அன்றி மக்கள் வாழ்வில் பயன்படத் தொடங்கிய நாளிலா? விஞ்ஞான வரலாற்றைப் பயில்வோர் எதிர்கொள்ளும் இவ்வினாவுக்கு, கூரைமேலுள்ள அன்ரனாவிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிவரை இறங்கிவரும் ஓரச்சு வடம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். நடுவே ஒரு செப்புக் கம்பி. அதனைச் சூழ்ந்து காவலி. காவலியைச் சூழ்ந்து செப்புப் பின்னல். யாவற்றுக்கும் மேலாக ஓர் உறை. கடத்திகள் இரண்டும் ஒரே அச்சைக் கொண்டமையின் இது இப்பெயர் பெற்றது. இதனை 1929ஆம் ஆண்டின் அமெரிக்கக் கண்டுபிடிப்பாக மட்டும் கொள்வோர் உளர். அக்கூற்று முழு உண்மையன்று.

இதன் முன்வரலாறு கடலடியில் தொடங்குகின்றது. 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அயர்லாந்துக்கும் நியூபவுண்லாந்துக்கும் இடையே அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் தந்தி வடம் இடப்பெற்றது. மலாய்ப் பிரதேசக் காட்டு மரங்களை வீழ்த்திப் பெற்ற கட்டாபேர்ச்சாப் பால் அதன் காவலியாயிற்று. புறத்தே இரும்புக் கவசமும் கடல்நீரும் சூழ்ந்திருந்தமையால், அமைத்தோர் கருதாதபோதும், வடிவில் அது ஓரச்சு வடமேயாம். அத்தகைய வடம் மின்னேற்றத்தைத் தேக்கிவைத்துக் குறிகளை மந்தமாக்கும் என்பதை வில்லியம் தொம்சன் கணிதமுறையால் முன்னரே காட்டியிருந்தார். கம்பனியின் மின்னியலாளரான வைல்ட்மன் வைற்ஹவுசோ அக்கொள்கையை ஏற்றிலர். விக்ரோறியா மகாராணியாரின் 98 சொற்கள் கொண்ட செய்தி கடலைக் கடக்க ஏறத்தாழ 16 மணித்தியாலங்கள் சென்றன. வைற்ஹவுஸ் ஏறத்தாழ 2000 வோல்ற்று அழுத்தத்தைப் பிரயோகித்தார். ஏலவே குறைபாடுற்றிருந்த வடம் சில கிழமைகளுள் செயலிழந்தது. கொள்கையைப் புறக்கணித்த செய்முறைக்கு நேர்ந்த கதி இது.

இரண்டையும் ஒருங்கிணைத்தவர் ஒலிவர் ஹெவிசைட். பதினாறு வயதிற் பள்ளியை விட்டு, தந்தி இயக்குநராகப் பணிபுரிந்து, 1874இல் அப்பணியையும் துறந்தவர். மக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலைத் தாமே முயன்று கற்றவர். அயற் கம்பிகளிலிருந்து தூண்டப்படும் இரைச்சலைத் தவிர்க்கும்பொருட்டு, ஒரு கடத்தியைக் குழாய் வடிவான மற்றொரு கடத்தியினுள் அமைக்கும் முறைக்கு 1880இல் பிரித்தானிய ஆக்கவுரிமை பெற்றார். அதன் இலக்கம் 1407. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பயிலாத ஒருவரிடமிருந்து இக்கருத்துத் தோன்றியமை மனங்கொள்ளத்தக்கது.

ஆயின், அக்கருத்து ஏன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உறங்கிற்று? விடை இயற்பியலிலும் உண்டு; சமூகத் தேவையிலும் உண்டு. உயர் மீடிறன்களில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பையே நாடுகின்றது. குறிக்குரிய ஓட்டம் கவசத்தின் உட்புறத்திலும், வெளியிரைச்சலால் எழும் ஓட்டம் அதன் வெளிப்புறத்திலும் செல்ல, இடைப்பட்ட உலோகம் அவ்விரண்டையும் பிரித்துவிடுகின்றது. தந்திக்கும் சாதாரண தொலைபேசிக்கும் உரிய தாழ்ந்த மீடிறன்களில் இப்பயன் மிகக் குறைவு; முறுக்கிய இரட்டைக் கம்பியே மலிவாகப் போதுமாயிருந்தது. வெற்றிடக் குழாய் விரியலாக்கிகளும், பல உரையாடல்களை ஒரே வழியில் அனுப்பவேண்டிய தேவையும் தோன்றிய பின்னரே ஹெவிசைற்றின் குழாய்க்கு வேலை வந்தது.

1929இல் லோயிட் எஸ்பென்சீட், ஹேர்மன் அவெல் ஆகிய இருவரும் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1931இல் வழங்கப்பட்டது. 1936இல் நியூயோர்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே பரிசோதனை வடம் இயங்கிற்று. 1941இல் அமெரிக்காவின் மினியாப்பொலிசிலிருந்து சென்ற வழி, 480 தொலைபேசித் தடங்களைத் தாங்கவல்லதாயிருந்தது. இதற்கிடையில், 1933இல் இங்கிலாந்தில் கிப்சன், போசெற் ஆகியோர் கண்ட பொலியெதிலீன், உயர் மீடிறனிலும் இழப்புக் குறைந்த, வளையத்தக்க காவலியாயிற்று. போர்க்கால ராடரில் அது பயின்றது. பின்னர் அவ்வடம் இல்லங்களுள்ளும் புகுந்தது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியபின், நம்மவர் வீடுகளிலும் இவ்வடத்துக்கு இடமேற்பட்டது.

இவ்வரலாறு முழுவதும் வீட்டில் வடத்தின் நுனியைச் சீவும் அரை அங்குலத்தில் வந்து தங்குகின்றது. புறவுறையைச் சுற்றிக் கீறும்போது பின்னலின் இழைகள் அறுபடலாகாது. அறுபட்ட அளவுக்குக் கவசம் குன்றும். பின்னலைப் பின்னோக்கி மடித்தபின் உட்காவலியை நீக்கவேண்டும். அப்போது நடுக்கம்பியிற் கத்தி பட்டால் அது பின்னர் அவ்விடத்தில் முறியும். மயிரிழை போன்ற ஒரு செப்பிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் குறி குறுக்குச் சுற்றாகி அழியும். செருகியிற் பற்றாசு வைக்கும்போது வெப்பம் மிகுந்தால் பொலியெதிலீன் இளகி, நடுக்கம்பி அச்சினின்று விலகும். அதனால் வடத்தின் 75 ஓம் தடங்கல் அவ்விடத்தில் மாறுபட, அலையின் ஒரு பகுதி திரும்பி ஓடும். பழைய தொலைக்காட்சிகளில் உருவங்களின் அருகே நிழலுருவாகத் தோன்றியவற்றுள் சில இதன் விளைவே. இந்த 75 ஓமும் தற்செயலானதன்று: வளியைக் காவலியாகக் கொண்ட வடத்தில் நலிவு மிகக்குறைவது ஏறத்தாழ 77 ஓமிலாகும்.

வைற்ஹவுஸ் கொள்கையை இகழ்ந்தார், வடம் மடிந்தது. ஹெவிசைட் கொள்கையைக் கண்டார்; பொருளும் தேவையும் இன்மையால் அது காத்திருந்தது. இன்றும் சமன்பாட்டை ஒப்புவிக்கும் மாணவன் செருகியைப் பொருத்தத் தடுமாறுவதும், செருகியைத் திறம்படப் பொருத்தும் தொழிலாளி அதன் காரணத்தை அறிய வாய்ப்பின்றி இருப்பதும் காணக்கூடியனவே. இவ்விருவருக்கும் இடையிலான சுவரைத் தகர்ப்பதே விஞ்ஞானக் கல்வியின் கடனாகும். ஒரு தந்தி இயக்குநர் தாமாகவே அதனைத் தகர்த்தார் என்பதற்கு 1880ஆம் ஆண்டின் அந்த ஆக்கவுரிமை சான்று பகர்கின்றது.