ஒரு மெட்டும் பல வாய்களும்

கொழும்பின் பாமன்கடையில் ஏதேனும் ஒரு கல்யாண வீட்டிலிருந்து இரவு வேளையில் பைலா என்னும் ஆட்டப் பாட்டின் தாளம் மிதந்து வந்தால், பாடுகிறவர் சிங்களத்தில் பாடுகிறாரா தமிழில் பாடுகிறாரா என்பது செவிக்குத் தெளிவாகும் முன்னரே கால் அதை இனங்கண்டுகொண்டுவிடுகிறது. ஆறு மாத்திரைகள் மும்மூன்றாய்த் துள்ளி உருளுகின்ற அந்த நடை, 1505இல் இலங்கைத் தீவில் வந்திறங்கிய போர்த்துக்கேயரோடும், அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காபிரி மக்களோடும் வந்து, போர்த்துக்கேயர் ஆட்சி 1658இல் அஸ்தமித்த பின்னரும் புத்தளத்துக் காபிரியரின் மஞ்சாப் பாட்டிலும் மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞாவிலும் ஜீவித்திருந்தது.

1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வாலி பஸ்தியான் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைப் பூட்டி மேடையேற்றினார். ஆனால் என் மனத்தை விட்டகலாதது அதன் கிளையாக வளர்ந்த வாத பைலாவே. தெரிந்த மெட்டொன்றைப் பொதுவில் வைத்துக்கொண்டு, கொடுக்கப்பட்ட விஷயத்தின் இரு பக்கங்களிலும் நின்று, எதிரி பாடி முடித்த அந்தக் கணமே பதிற்பாட்டை இயற்றிப் பாடவேண்டும் என்பது அதன் நியதி. எம். எஸ். பெர்னாண்டோ போன்றோர் பிரசித்தி பெற்றது இந்தக் களத்திலேதான். அங்கே மெட்டு யாருக்கும் சொந்தமன்று. அதன்மீது ஏறிய சொல்லே பாடியவனுடைய சம்பத்து. அந்தச் சொற்களோ பெரும்பாலும் எழுதி வைப்பாரின்றி அந்த இரவோடு போயின. அதை நினைக்குந்தோறும் எனக்குத் துக்கம் உண்டாகிறது.

தமிழராகிய நமக்கும், இப்படித் தெரிந்த மெட்டில் புதுச் சொல் ஏற்றுவது அந்நிய சம்பிரதாயமன்று. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பிலேயே இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். அதனைக் களவென்று எவரும் கருதியதில்லை. கடல்களுக்கு அப்பால் ஜமேக்காவிலும், ‘ரிதிம்’ என்ற பெயரில், ஒரே வாத்திய இசையைப் பல பாடகர் பங்கிட்டுக்கொள்கின்றனர். 1985இல் ஒரு சிறிய கேசியோ மின்வாத்தியத்தின் தாளத்திலிருந்து எழுந்த ‘ஸ்லெங் டெங்’ நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தாங்கிற்று. பின்னர் ஸ்டீவன் மார்ஸ்டன் அமைத்த ஒரு ரிதிமுக்கு நம் தீபாவளியின் பெயரே ‘திவாலி’ என்று சூட்டப்பட, அதன்மீது ஷோன் போலும் வெய்ன் வொண்டரும் தத்தம் பாட்டுகளைப் பாடினர்.

இங்கே பாடகர் ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ப் பாட்டும் அவ்வாறே சிங்களமும் தமிழும் கலந்து வாய்க்கு வாய் தாவி, கடலையும் தாண்டிற்று. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற படத்தில் இளையராஜா அதனைக் கையாள, மலேசியா வாசுதேவன் பாடினார். தமிழ்நாட்டார் பலர் அதனைத் தம் ஊர்ப் பாட்டென்றே எண்ணிப் பாடினார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்; இங்குள்ள கல்யாண வீடுகளிலோ, வாத்தியக்காரர் அந்த மெட்டைத் தொடங்கியதும், முதலடியை எடுத்துக்கொடுக்க இன்னும் எவரேனும் ஒருவர் எழுந்து நிற்கிறார்.