பாசிப்பாட்டம் முதல் மீன்பாசி ஏலம் வரை: கல்வராயன் மலையடிவார ஏரிகளில் கோடைக்கால மீன்பிடிப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் படுகையில் அமைந்த ஏரிகளில், பங்குனி முதல் வைகாசி வரையிலான காலமே மீன்பிடிப்பின் உச்சப் பருவம். இப்பருவத்தின் மீன்வளம் எவ்வாறு உரிமையாகவும் வருவாயாகவும் கணக்கிடப்பட்டு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இடைக்காலத்துப் பாசிப்பாட்டம் ஏரிப் பராமரிப்போடு தொடர்புற்றிருந்தது. குடியேற்ற ஆட்சியில் இத்தொடர்பு தளர்ந்தது. இன்றைய மீன்பாசி ஏலத்தில் பழைய சொல் எஞ்சியிருக்கிறது. அச்சொல் உணர்த்திய கடமை எஞ்சவில்லை. வற்றும் நீரில் மீன் பிடிப்பதும் மீன் பிடிப்பதற்காக நீரை வற்றச் செய்வதும் வேறுவேறானவை என்பதை வரலாற்று நோக்கில் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச் சொற்கள்: பாசிப்பாட்டம், மீன்பாசி, ஏரி, கல்வராயன் மலை, கோமுகி, குடிமராமத்து, பசலி ஆண்டு, தடைக்காலம்.

முன்னுரை

தமிழகத்து ஏரிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாசனத்தை மையமாகக் கொண்டவை. மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால், ஆயக்கட்டு ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால் பயிர் அறுவடை முடிந்து நீர்மட்டம் தாழ்ந்த பின் ஏரியில் என்ன நிகழ்ந்தது என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. நெல்லுக்கு நீர் தேவைப்படாத அம்மாதங்களில் ஏரி தந்த விளைச்சல் மீனும் வண்டலும் ஆகும். மீன் உணவாகவும் பணமாகவும் மாறியது. வண்டல் வயலுக்கு உரமாயிற்று. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும்போது ஏரி நிர்வாக வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கம் தெளிவாகிறது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டமாக இருந்த கள்ளக்குறிச்சி, 1993இல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மலை, அடிவாரம், சமவெளி ஆகிய மூன்றும் ஒரே நிர்வாக எல்லைக்குள் அமைவதால், ஒரே நீரின் வெவ்வேறு நிலைகளை இங்கு ஒருங்கே காணமுடிகிறது.

ஆற்றுப்படுகையும் கோடைப் பருவமும்

கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் கோமுகி, மணிமுக்தா ஆறுகளாகத் திரண்டு, விருத்தாசலம் வழியே சென்று வெள்ளாற்றோடு கலக்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகிறது. மலையோடையில் ஓடும் நீர் ஏரிகளில் தங்கி, எஞ்சியது கழிமுகம் சேரும் இவ்வமைப்பில், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிரம்பும் ஏரிகள் மாசி முதல் மெல்லச் சுருங்குகின்றன.

சித்திரையில் நீர் ஆழமற்றுச் சூடேறும். பகலில் பாசிகள் வெளியிடும் உயிர்வளி இரவில் செலவாகிவிடுவதால், விடியற்காலையில் நீரில் உயிர்வளி மிகக் குறைந்து மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து நிற்கும். திடீரெனப் பெய்யும் கோடை மழை அடிச்சேற்றைக் கலக்கிவிட்டாலும் மீன்கள் கூட்டமாக மடிவதுண்டு. கெண்டை வகைகள் இந்நிலையைத் தாங்குவதில்லை. காற்றைச் சுவாசிக்கவல்ல விரால், குரவை, தேளி ஆகியவை சேற்று நீரிலும் பிழைத்திருந்து, புதுவெள்ளம் வந்ததும் இனம் பெருக்குகின்றன.

ஆகவே கோடையில் ஏரி மீனைப் பிடிப்பது இயல்பிலேயே அழிவுச் செயலன்று. முற்றிலும் வற்றவிருக்கும் நீரில் உள்ள மீனை எடுக்காவிடின் அது வீணாகும். ஊத்தாவைக் கவிழ்த்தும், பறி வைத்தும், கையால் துழாவியும் ஊரார் மீன் பிடித்த முறைகள் இப்பருவத்திற்குரியவை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி மீன்பிடிக்கும் விழா இன்றும் தொடர்கிறது. ஆயினும் ஏரியின் ஆழமான மடுக்களில் எஞ்சும் மீனே அடுத்த ஆண்டின் விதையாகும். அம்மடு காக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே கோடை மீன்பிடிப்பின் தன்மை அமைகிறது.

பாசிப்பாட்டம்: வருவாயும் கடமையும்

சோழர், விசயநகரர் காலக் கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் பாசிப்பாட்டம் என்னும் சொல் இடம்பெறுகிறது. நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் குத்தகைத் தொகை என்பது இதற்குக் கல்வெட்டறிஞர் பொதுவாகக் கொள்ளும் பொருள். நீர்நிலையில் படரும் பாசியின் பெயரே அந்நீரில் வாழும் மீனுக்கான உரிமையையும் குறிக்கலாயிற்று.

இவ்வருவாய் எவ்வாறு செலவிடப்பட்டது என்பது வரியின் பெயரைவிட முக்கியமானது. ஏரியின் மீன் வருவாயை அவ்வேரியைத் தோண்டவும் கரையைச் செப்பனிடவும் ஒதுக்கிய ஏற்பாடுகள் தமிழகக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. ஏரிப் பராமரிப்பிற்கென விடப்பட்ட ஏரிப்பட்டி நிலங்களும், வண்டல் அகற்றும் ஓடங்களுக்கான அறக்கொடைகளும் இதே நோக்கின. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஏரி வாரியத்தைத் தனிக்குழுவாக அமைத்திருப்பது, நீர்நிலை நிர்வாகம் ஊராட்சியின் அன்றாடக் கடமையாக இருந்ததைக் காட்டுகிறது.

இவ்வேற்பாட்டின் உள்ளியல்பு எளியது. மீன் கிடைக்கும் பருவமும் வண்டல் எடுக்கும் பருவமும் ஒன்றே. நீர் தாழும்போது மீன் விலைபோகிறது. அதே வேளையில் ஏரியின் அடிப்பகுதி வெட்டுவதற்கு ஏற்றதாகிறது. மீன் தந்த பணம் உடனே மண் வெட்டுவோர் கூலியாக மாறமுடியும். ஆழப்பட்ட ஏரி அடுத்த ஆண்டு மிகுந்த நீரையும், அதன் வழியே மிகுந்த மீனையும் தரும். எல்லா ஊர்களிலும் இச்சுழற்சி குறைவின்றி நடந்தது எனக் கொள்ளுதல் மிகையாகும். மீன்பிடி உரிமையில் எல்லாக் குடிகளுக்கும் சமப் பங்கு இருந்தது எனவும் கருத இடமில்லை. ஆனால் ஏரியின் வருவாய் ஏரிக்கே திரும்பவேண்டும் என்ற நெறி ஆவண வடிவில் ஏற்கப்பட்டிருந்தது என்பது தெளிவு.

குடியேற்ற ஆட்சி: பிரிந்த கணக்குகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏரியைப் பற்றிய பொறுப்புகள் துறைகளாகப் பிரிந்தன. சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை 1858இல் உருவாயிற்று. அதே ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், குடிமராமத்து என்ற ஊர் வழக்கத்தைச் சட்டக் கடமையாக மாற்ற முயன்றது. 1883இல் ஏரிகளை அளந்து சீரமைக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. இவை அனைத்தும் ஏரியைப் பாசனக் கட்டுமானமாகவே நோக்கின. மீன் வேறொரு கோப்பிற்குச் சென்றது.

அக்கோப்பின் முதன்மை ஆசிரியர் சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்த பிரான்சிஸ் டே ஆவார். ஆற்றணைகள் மீன்களின் இடப்பெயர்ச்சியைத் தடுப்பது பற்றிய விசாரணையில் தொடங்கிய அவரது பணி, 1873இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையாக விரிந்தது. சிறுகண் வலைகள், வாய்க்கால்களில் நிலையாக வைக்கப்படும் பொறிகள், நீரில் நஞ்சிடல் ஆகியவற்றை அவர் கண்டித்தார். புதுவெள்ளத்தில் முட்டையிட ஏறும் மீனையும், வயல் வாய்க்கால்களில் இறங்கும் குஞ்சுகளையும் பிடிப்பதே பேரழிவு என்பது அவர் கணிப்பு.

இவ்விவாதங்களின் விளைவான 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிபொருளாலும் நஞ்சாலும் மீன் கொல்வதைக் குற்றமாக்கியது. வலையின் அளவையும் நிலைப்பொறிகளையும் ஒழுங்குபடுத்தவும், குறித்த நீர்நிலையில் இரண்டாண்டு வரை மீன்பிடிப்பை முழுமையாகத் தடைசெய்யவும் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. பிடிக்கும் கருவியை இச்சட்டம் கவனித்தது. மீன் வாழ்வதற்கு ஏரியில் எஞ்சவேண்டிய நீரைப் பற்றி அது பேசவில்லை. 1907இல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் அமைந்த சென்னை மீன்வள அமைப்பும், கடல் மீன் பதனிடுதல், குஞ்சு வளர்ப்பு ஆகியவற்றில் முன்னோடியாக விளங்கியதேயன்றி, ஏரி மீன் வருவாயை ஏரிப் பராமரிப்போடு இணைக்கும் பழைய நெறியை மீட்டெடுக்கவில்லை.

மலையோடைகள்

சட்டம் கண்டித்த நஞ்சிடல் முறை மலைப்பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது. மருக்காரைக் காய், கள்ளிப்பால் போன்றவற்றால் ஓடைக் குட்டைகளின் மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தென்னிந்திய மலைகளில் பரவலாக அறியப்பட்டது. கோடையில் ஓட்டம் நின்று குட்டைகளாகத் துண்டுபட்ட ஓடையிலேயே இம்முறை பயன்படும்.

கல்வராயன் மலைவாழ் மலையாளிகளின் நிலையை இச்சூழலில் நினைவிற்கொள்ளல் வேண்டும். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்களின் கீழ் இம்மலை இருந்தது. 1976இல் அரசு இதனை ஏற்கும் வரை மலைமக்கள் ஜாகீர்தாரருக்கு வரியும் ஊதியமற்ற உழைப்பும் தரவேண்டியிருந்தது. இத்தகைய வாழ்வில் கோடையின் ஓடைமீன் விற்பனைப் பொருளைவிட உணவாகவே மதிப்புற்றிருக்கும். ஆகவே சமவெளியின் ஏல ஏரியையும் மலையின் ஓடைக் குட்டையையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது பொருந்தாது.

அணைகளும் வளர்ப்பு மீன்களும்

1960களின் நடுவில் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையும், அதையடுத்து மணிமுக்தா அணையும் எழுந்தன. கோமுகியின் முழு நீர்மட்டம் 46 அடி; மணிமுக்தாவின் மட்டம் 36 அடி. இவை பாசனத்திற்காகக் கட்டப்பட்டவை எனினும், சிற்றேரிகள் வற்றும் கோடையிலும் நீர் எஞ்சக்கூடிய ஆழமான இடங்களை இப்பகுதிக்குத் தந்தன.

இதே காலத்தில் மீனின் தன்மையும் மாறியது. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட சிலேபி, விரைவாக இனம் பெருக்கித் தமிழக நீர்நிலைகளில் நிலைகொண்டது. 1957இல் ஹிராலால் சவுத்ரி ஊக்கிநீர் செலுத்திப் பெருங்கெண்டைகளை இனப்பெருக்கம் செய்வித்த பின், கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைப் பெருமளவில் உற்பத்தி செய்ய வழி பிறந்தது. அதுவரை மழையோடு வந்து ஏரியில் தானே பெருகிய மீன், இப்போது குத்தகைதாரர் விலைகொடுத்து விடும் முதலீடாயிற்று. முதலீட்டைக் குத்தகைக் காலத்திற்குள் முழுமையாகத் திரும்பப் பெறவேண்டும் என்னும் நெருக்கடியும் உடன் வந்தது.

ஏலமும் பசலி ஆண்டும்

இன்றைய ஊராட்சி அறிவிப்புகளில் வழங்கும் மீன்பாசி குத்தகை, மீன்பாசி ஏலம் என்னும் தொடர்கள் பாசிப்பாட்டத்தின் நேர் வாரிசுகள். குத்தகை ஆண்டு பொதுவாகப் பசலியையொட்டியது. பசலி ஆண்டு சூலை 1இல் தொடங்கிச் சூன் 30இல் முடிவது நில வருவாய்க் கணக்கிற்கு ஏற்ற ஒழுங்கு. ஆனால் ஏரிக்கு அது நீர் மிகக் குறைந்த வேளையில் முடியும் ஆண்டாக அமைகிறது.

இதன் விளைவு கருதத்தக்கது. குத்தகை முடிவதற்குள் எஞ்சிய மீனை எடுத்துவிடுவதே குத்தகைதாரருக்கு ஆதாயம். மடுவில் விட்டுவைக்கும் மீன் அடுத்துவரும் குத்தகைதாரருக்குச் சேரும். எனவே மதகைத் திறந்தும் பொறி வைத்து இறைத்தும் நீரை வெளியேற்றும் போக்கு உருவாகிறது. கோடையில் அந்நீர் கால்நடைகளின் குடிநீர். சுற்றுக் கிணறுகளின் ஊற்று. தமிழகத்தில் மீன் குத்தகைதாரருக்கும் உழவருக்கும் இடையே கோடைதோறும் எழும் பிணக்குகளின் வேர் இங்குள்ளது. இதனைத் தனிமனிதப் பேராசை என்று மட்டும் விளக்குவது போதாது. குத்தகையின் காலவரையறையே அவ்வாறு நடக்கத் தூண்டுகிறது.

நிர்வாகப் பிரிவினையும் இதற்குத் துணைசெய்கிறது. 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுப்பணித் துறை வழியிலும், சிறியவை ஊராட்சி அமைப்புகளின் வழியிலும் பராமரிக்கப்பட்டு வந்துள்ளன. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதிய திட்டமாகத் தொடங்கியபோது, ஆயக்கட்டு உழவர்களின் பங்கேற்பும் வண்டல் அகற்றலும் முதன்மை பெற்றன. மீன் வருவாய் அதன் நிதியடிப்படையாக அமையவில்லை. பெயர் மீண்டது, பழைய கணக்கு மீளவில்லை.

கடலின் தடைக்காலம்

இதே ஆற்றுநீர் சென்றடையும் கடற்கரையில் இதே மாதங்கள் வேறுவிதமாக ஒழுங்கு பெற்றுள்ளன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. அதன் அடிப்படையில் 2001 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள்களும், 2017 முதல் சூன் 14 வரை 61 நாள்களும் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளின் மீன்பிடிப்பு தடைசெய்யப்படுகிறது. மரபுவழிக் கலங்களுக்கு இத்தடையில்லை. மீன்களின் இனப்பெருக்கத்திற்கு இடமளிப்பதே இதன் நோக்கம்.

கடல்மீன் வரத்துக் குறையும் இக்காலத்தில் அணை, ஏரி மீன்களுக்குத் தேவை கூடி விலையும் உயர்கிறது. கடலுக்கு அளிக்கப்படும் ஓய்வின் சுமையில் ஒரு பகுதி, நீர் மிகக் குறைந்திருக்கும் உள்நாட்டு ஏரிகளின்மேல் விழுகிறது. கடலுக்குப் பொருந்தும் நாள்காட்டியை ஏரிக்கு அப்படியே பொருத்தவும் இயலாது. ஏரி மீன்களின் இனப்பெருக்கம் பெரும்பாலும் புதுவெள்ளத்தைச் சார்ந்தது. கோடையில் அவற்றிற்குத் தேவை பிழைத்திருப்பதற்கான நீர். கடலில் காலத்தைக் காப்பது தீர்வாகலாம். ஏரியில் காக்கப்படவேண்டியது குறைந்தபட்ச நீர்மட்டம்.

முடிவுரை

கல்வராயன் மலையடிவார ஏரிகளை முன்னிறுத்திக் காணும்போது, கோடை மீன்பிடிப்பின் வரலாறு ஒரு சொல்லின் பொருட்சுருக்க வரலாறாகவும் அமைகிறது. பாசிப்பாட்டம் என்பது வருவாயையும் அவ்வருவாய் திரும்பவேண்டிய இடத்தையும் ஒருங்கே உணர்த்தக்கூடியதாக இருந்தது. துறைப் பிரிவினை வருவாயைக் கடமையிலிருந்து விலக்கியது. மீன்வளச் சட்டம் கருவிகளைக் கட்டுப்படுத்தி நீரைக் கைவிட்டது. வளர்ப்பு மீனும் பசலிக் குத்தகையும் சேர்ந்து, வற்றும் ஏரியில் மீன் பிடித்த வழக்கத்தை, மீனுக்காக ஏரியை வற்றச் செய்யும் வழக்கமாக மாற்ற இடந்தந்தன.

குத்தகை ஒப்பந்தத்தில் மடுவின் நீர்மட்டத்தை வரையறுப்பதும், ஏலத் தொகையில் ஒரு பங்கை அதே ஏரியின் வண்டல் அகற்றலுக்கு ஒதுக்குவதும் புதிய சிந்தனைகள் அல்ல. அவை ஊரவைகள் கல்லில் பொறித்து ஒழுகிய நெறியின் தொடர்ச்சியே. ஊராட்சிகளின் குத்தகைப் பதிவேடுகளையும் நடுநாட்டுக் கல்வெட்டுகளையும் ஒருசேர வைத்து ஆராய்வது, ஒவ்வோர் ஏரியிலும் இத்தொடர்பு எப்போது அறுந்தது என்பதைத் துல்லியமாகக் காட்டும்.