14 ஊசியும் ஒரு வாய்க்கூடும்

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஜூலை 6ஆம் தேதி எங்க மணி என் மணிக்கட்டைக் கடிச்சுப்போட்டான். மணின்னா எங்க பட்டிக்காவல் நாய். கன்னி நாய் கலந்த நாட்டுச் சாதி. அஞ்சு வருசமா எங்க கொறங்காட்டுல ஆட்டோட ஆடா கிடக்கிறவன், அதுவரைக்கும் வீட்டாளுக மேல பல்லுப் பட விட்டதில்லை.

தப்பு என்னோடதுதானுங்க. கால்நடை மருந்தகத்துல அன்னைக்கு வெறிநோய்த் தடுப்பூசி இலவச முகாம். டாக்டர் "வாயைக் கட்டிப் புடிங்க"ன்னு சொன்னாரு. கையில இருந்தது வண்டி துடைக்க வச்சிருந்த பனியன் கட்டிங் வேஸ்ட். எங்க ஊர்ப்பக்கம் கயித்துக்குப் பஞ்சம் வந்தாலும் அதுக்குப் பஞ்சம் வராது. அதை நாடாவாக் கிழிச்சு மூஞ்சியச் சுத்தி இறுக்கிக் கட்டினேன். நிட்டிங் துணி இழுத்தா நீளும்னு திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித் தரணுமா? அந்த நேரத்துல தோணலை. ஊசி பட்டதும் மணி ஒரு உதறு உதறினான். துணி நீண்டுபோச்சு, வாய் திறந்துபோச்சு, பக்கத்துல இருந்தது என் கை.

"இதுக்கு முந்தி ஊசி போட்டிருக்கீங்களா?"ன்னு டாக்டர் கேட்டாரு. "இல்லீங்க சார்"னு சொல்லும்போது தான் எனக்கு வெக்கமா இருந்துச்சு. குழாயடியில 15 நிமிசம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சாரு. அங்க ரெண்டு தோள்லயும் தோலுக்குள்ள சின்னச் சின்ன ஊசி. அன்னைக்கு ஒண்ணு, மூணாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள். ரத்தம் வர்ற அளவு கடின்னதால காயத்தைச் சுத்தியும் ஒரு மருந்து போட்டாங்க. நாயைப் பத்து நாள் பார்த்துட்டே இருக்கச் சொன்னாங்க. மணி பத்து நாளும் நல்லாத் தின்னுட்டு என் கட்டைப் பார்த்துட்டுக் கிடந்தான்.

எங்க அய்யனுக்கு இப்படி இல்லை. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல அவரை ஒரு தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சுது. தொப்புளைச் சுத்தி 14 ஊசி. தினம் ஒண்ணு. வயிறு வீங்கி, ஒருக்களிச்சுக்கூடப் படுக்க முடியாம திண்ணையில உக்காந்தே தூங்குவாரு. ஒன்பதாவது ஊசிக்கு அப்புறம் "செத்தாச் சாகறேன், இனிப் போகமாட்டேன்"னு அடம் பிடிச்சாரு. எங்க ஆத்தா அழுது, அப்பாரு திட்டி, வண்டி பூட்டிக் கூட்டிட்டுப் போனாங்க.

அந்த ஊசி எங்கிருந்து வந்துச்சுன்னு என் கை ஆறின நாள்கள்ல தேடிப் படிச்சேன். 1885 ஜூலை 6, பாரிஸ்ல லூயி பாஸ்டர், நாய் கடிச்ச ஒன்பது வயசுப் பையன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல்முதலா வெறிநோய் ஊசி போட வச்சாரு. பையன் பொழைச்சான். அந்தத் தேதியைத்தான் விலங்குல இருந்து மனுசனுக்கு வர்ற நோய்களுக்கான நாளா வச்சிருக்காங்க. மருந்தகத்துல முகாம் போட்டதும் அதனாலதான். மணி கடிச்சதும் அதே தேதி. சிரிப்பும் வந்துச்சு.

இந்தியாவுல இதுக்குன்னு முதல் நிலையம் 1900இல் இமயமலைப்பக்கம் கசௌலியில ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கத்துல நாய் கடிச்சா அத்தனை தூரம் ரயில்ல போகணும். போய்ச் சேர்றதுக்குள்ள நோய் முந்திக்கிட்டா ஒண்ணும் செய்ய முடியாது. 1907இல் தான் குன்னூர்ல தென்னிந்தியாவுக்குன்னு ஒரு பாஸ்டர் நிலையம் வந்துச்சு. அமெரிக்கப் பணக்காரர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த நன்கொடையில கட்டினது. மலை ரயில் 1899லயே மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் வந்திருந்துச்சு. திருப்பூர்ல ரயிலேறினா மலைமேல போய் ஊசி போட்டுக்கலாம்னு ஆனது அப்பத்தான்.

அப்புறம் கசௌலியில டேவிட் செம்பிள்ங்கிறவரு 1911இல் ஒரு முறையைக் கண்டுபிடிச்சாரு. செம்மறியாட்டு மூளையில நோய்க்கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால அதைக் கொன்னு மருந்தாக்கறது. இந்த மருந்தை வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப முடிஞ்சது. எங்க அய்யன் வயித்துல ஏறினது இந்தச் சரக்குதான். மூளைச் சத்து கலந்திருக்கிறதால சிலருக்குக் கைகால் விழுந்துபோற ஆபத்தும் அதுல இருந்துச்சு. 2004 கடைசியிலதான் இந்தியாவுல அதை நிறுத்தினாங்க. எங்க பக்கம் செம்மறியை நாய் கடிச்சுக் கொல்லுதுன்னு இன்னைக்குக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் செத்த ஆட்டைத் தூக்கிட்டு வந்து போராட்டம் பண்றோம். நாய் கடிச்ச மனுசனைப் பல காலம் காப்பாத்தினதும் செம்மறியோட மூளைதான்னு படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

வாய்க்கூட்டுக்கு வர்றேன். நாய்க்கு வாய்க்கூடு போட்டே ஒரு நாட்டுல வெறிநோயை ஒழிச்சிருக்காங்க. இங்கிலாந்துல. 1897இல் விவசாயத்துறையைப் பார்த்துக்கிட்டிருந்த அமைச்சர் வால்ட்டர் லாங், நோய் இருக்கிற பகுதிகள்ல தெருவுல வர்ற நாய்க்குக் கம்பியால செஞ்ச கூடு கட்டாயம்னு உத்தரவு போட்டாரு. வெறும் தோல் பட்டையா இறுக்கறது செல்லாது, உள்ளே நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கணும். நாய் வளர்க்கிறவங்க சங்கம் வச்சு எதிர்த்தாங்க. பெரிய மனுசங்க வேட்டைநாய்க் கூட்டத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததுல ஏழைபாழைகளுக்குக் கோவம். எல்லாத்தையும் தாங்கி 1902இல் நோய் ஒழிஞ்சுது. முதல் உலகப்போர் முடியற சமயம் வெளியிருந்து கொண்டுவந்த நாயால திரும்ப வந்து, 1922இல் மறுபடி ஒழிச்சாங்க.

அதே வெள்ளைக்காரன் இங்க ஏன் வாய்க்கூடு போடலை? இங்கிலாந்துல நாய்க்குச் சொந்தக்காரன் இருந்தான், அபராதம் போட ஒரு ஆள் கிடைச்சான். நம்ம நாய் ஊருக்குச் சொந்தம். யாரைப் பிடிக்கிறது? அதனால இங்க நாயைக் கொல்ற வழியைத்தான் பிடிச்சாங்க. 1832இல் பம்பாயில தெருநாய்களைக் கொல்லப்போய், பார்சிக்காரங்க எதிர்த்துக் கலவரமே ஆச்சு. கொன்னதால நோய் போகலை. நூத்துல எழுபது நாய்க்கு ஊசி போட்டா நோய் பரவாம நிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கோவாவுல நாயை வலையால பிடிச்சு ஊசி போட்டுப்போட்டே ரொம்பக் குறைச்சிருக்காங்க. ஆகத் தெருவுல வாய்க்கூடு நமக்கு ஆகாத வேலை. ஊசி ஏறுற அந்த அஞ்சு நிமிசத்துக்கு அது வேணும். நான் அசட்டையா விட்டது அந்த அஞ்சு நிமிசத்தைத்தான்.

இத்தனைக்கும் வாய்க்கூடு எங்களுக்குப் புதுசு இல்லை. எங்க அப்பாரு தேங்காய் நார்க் கயித்துல மாட்டுக்கு வாய்க்கூடு பின்னுவாரு. சோளக்காட்டுல களை ஓட்டும்போது பயிரைக் கடிக்காம இருக்க ஒண்ணு, கன்னுக்குட்டி மண்ணுத் திங்காம இருக்கச் சின்னதா ஒண்ணு. களத்துல தாம்பு ஓட்டும்போது மட்டும் கழட்டிடுவாரு, உழைக்கிற மாடு ரெண்டு வாய் தின்னுட்டுப் போகட்டும்னு. அவர் பின்னுறது கூடை மாதிரி இருக்கும். மாடு உள்ளே நாக்கைச் சுழட்டும், மூச்சு விடும். இங்கிலாந்துக்காரன் சட்டம் போட்டுச் சொன்னதை இவரு கயித்துல செஞ்சு வச்சிருந்தாரு.

இப்ப திருப்பூர் டவுன்ல நாய்க்கு முடி வெட்ட, குளிப்பாட்டக் கடைகளே வந்தாச்சு. என் தங்கச்சி மகன் லாப்ரடார் வச்சிருக்கான். கடையில துணி வாய்ப்பூட்டைப் போட்டு இறுக்கி, சுடுகாத்து மெஷினை மேல பிடிக்கிறாங்களாம். "மாமா, அது மூச்சு வாங்கிட்டே இருக்கு"ன்னு சொன்னான். நாய்க்கு நம்மளாட்டம் உடம்பெல்லாம் வேர்க்காதுங்க. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைச்சாத்தான் சூடு வெளியேறும். அந்த வாயைக் கட்டிட்டுச் சூட்டையும் ஏத்தினா என்ன ஆகும்? துணிப்பூட்டு ஊசி போடற ரெண்டு மூணு நிமிசத்துக்கு மட்டும்தான். முடி வெட்ட, குளிப்பாட்ட, ஆஸ்பத்திரி வரிசையில நிக்க எல்லாம் கூடை வகைதான் வேணும். பிளாஸ்டிக்கோ கம்பியோ தோலோ, உள்ளே நாய் வாயை நல்லாத் திறக்கணும், தண்ணி நக்கணும். அதைப் போட்டுட்டு நாய் இரைக்குதான்னு பார்த்துட்டு வாங்குங்க. "டைட்டா இருந்தாத்தான் சேஃப்டி"ன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. கழுத்துப்பட்டை மட்டும் காதுக்குப் பின்னால விரல் நுழையற அளவு இறுக்கமா இருந்தாப் போதும்.

கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நீள மூஞ்சி நாய்க்கு லாப்ரடார் அளவு கூடு வாங்கினா ஒரே உதறுல கழண்டுடும். கண்ணுக்கு ஒரு விரல் கீழே இருந்து மூக்கு நுனி வரைக்கும் நூல் பிடிச்சு அளந்து, நுனி முட்டாம அரை அங்குலம் சேர்த்துக்கணும். சப்பை மூஞ்சி பக் நாய்க்கு இந்தக் கூடு உக்காராது, அதுக்கு மூச்சே பாடு. டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வேற மாதிரித்தான் பிடிக்கணும்.

மணிக்கு நானே பின்னினேன், அப்பாருவோட கன்னுக்குட்டிக் கூடு மாதிரி, கொஞ்சம் நீளமா. பத்து நாள் உள்ளே கருவாட்டுத் துண்டு வச்சுக் காட்டினேன். முதல்ல தூரமா நின்னு பார்த்தான். ஆறாம் நாள் அவனே மூஞ்சியை விட்டான். போன ஜூலையில அதைப் போட்டுக் கூட்டிட்டுப் போனேன். ஊசி ஏறும்போது உறுமினான், கூட்டுக்குள்ள பல்லெல்லாம் தெரிஞ்சுது. டாக்டர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னொண்ணு பின்னித் தருவீங்களா, இங்க மாட்டி வைக்க?"ன்னு கேட்டாரு. கயிறு வாங்கி ஊற வச்சிருக்கேன்.