கோவிந்துவின் பெயர் தாங்கிய மலர்

சென்னை மாகாணத் தாவரங்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட்டுக்காக அவற்றை நீர்வண்ணத்தில் தீட்டியோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். அவருடைய ‘ஐகோனஸ்’ தொகுதிகள் 2101 படங்களுடன் 1853-இல் நிறைவெய்தின. அவ்வாண்டில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்தூயா’ எனப் பெயரிட்டார். காலனிய அறிவியல் இந்திய ஓவியர்க்கு அரிதாகவே அளித்த மதிப்பு அது.

அப்பெயர் நிலைக்கவில்லை. அச்செடி, 1833-இல் லிண்ட்லி நிறுவிய ‘டிரோபிடியா’ பேரினத்தைச் சார்ந்ததெனப் பின்னர் அறியப்பட்டது. முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது வகைப்பாட்டு விதி. ஆகவே ‘கோவிந்தூயா’ இன்று வெறும் இணைப்பெயர். இவ்விதி பெயர்களுக்கே உரியது, ஓவியங்களுக்கு அன்று: அவ்விருவரின் தாள்கள் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் இன்றும் ஆய்வுச் சான்றுகளாக விளங்குகின்றன.