நலத்திட்டங்களின் வரலாறு: கைடு புத்தகம் சொல்லாதவை

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பகுதிப் படிப்பகத்தில் குரூப் 2, குரூப் 4 தேர்வுகளுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளோடு நான் உட்காருவது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, 'ஒன்றிய அரசின் நலத்திட்டங்கள்' பகுதியை எடுத்துக்கொண்டோம். ஒரு தங்கை கைடைப் பார்க்காமலேயே ஒப்பித்தாள்: "போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். பட்டியல் சாதி மாணவர்களுக்கு. அமைச்சரவை ஒப்புதல் 2020 டிசம்பர் 23. மொத்தம் 59,048 கோடி. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40."

எல்லாம் சரி. "இந்தத் திட்டம் எந்த வருஷம் ஆரம்பிச்சது?" என்று கேட்டேன். "2020 தானக்கா" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கைடைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். எனக்கு உறுத்தியது வேறு. அந்த ஸ்காலர்ஷிப் பணம் வராததால், கட்டணப் பாக்கி என்று சொல்லி, அவள் படித்த கல்லூரி அவளுடைய பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலைத் தராமல் வைத்திருந்தது. தன்னை நேரடியாகப் பாதிக்கும் ஒரு திட்டத்தை, யாருக்கோ போட்ட திட்டம் போல ஒரு மதிப்பெண்ணுக்காக அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

அன்று மற்றப் பாடங்களை மூடி வைத்துவிட்டு இதைத்தான் பேசினோம். அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். தேர்வுக்குப் படிக்கிற எல்லாத் தோழர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

1944: ஒரு மனுவில் தொடங்கியது

போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் தொடங்கிய ஆண்டு 1944. நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு.

அண்ணல் அம்பேத்கர் 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 29 அன்று வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனுவைக் கொடுத்தார். பட்டியல் சாதியினரின் குறைகள் என்பதுதான் அதன் பொருள். அரசு வேலை, கல்வி, பொதுப்பணி ஒப்பந்தங்கள் என்று எதையும் அவர் விடவில்லை.

கல்வி பற்றிய பகுதியில் அவர் வைத்த வாதம் நேரடியானது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் நிதி தருகிறது. அப்படியானால் பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கும் தர வேண்டியது அதன் கடமை. தொடக்கப் பள்ளியோடு நிறுத்திவிட்டு இந்த மக்களைக் கைதூக்கி விட்டோம் என்று சொல்ல முடியாது. அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும், வெளிநாட்டுக்கும் போய்ப் படிக்க வேண்டும் என்று அவர் கேட்டார்.

இது அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த கோரிக்கையும்கூட. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் வேலை பார்ப்பது ஒப்பந்தம். 1917இல் வேலைக்கு வந்தார். அந்த ஊரில் தங்குவதற்கு அவருக்கு வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். ஒரு மன்னரின் நல்ல மனதை நம்பி ஒருவர் படிக்கலாம், ஒரு சமூகமே படிக்க முடியாது என்பதை அவரைவிட யார் அறிந்திருப்பார்கள்?

மனுவின் பலன் இரண்டாக வந்தது. 1943 ஆகஸ்டில் அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1944இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்குக் கல்வி உதவித்தொகை ஒதுக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இட ஒதுக்கீட்டில் கிடைக்கும் நாற்காலியில் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் ஸ்காலர்ஷிப். இட ஒதுக்கீடு வேறு, உதவித்தொகை வேறு என்று இன்று தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். தொடக்கத்தில் இரண்டும் ஒரே கோரிக்கை.

விடுதலைக்குப் பிறகு 1948-49இல் பழங்குடி மாணவர்களுக்கும் இது விரிந்தது. வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை 1954-55இல் வந்தது.

2017 முதல் 2020 வரை என்ன நடந்தது?

60:40 என்ற விகிதம் தேர்வில் கண்டிப்பாகக் கேட்கக்கூடியது. அது ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பு இருந்த முறையைக் கோப்புகளில் 'கமிட்டட் லயபிலிட்டி' என்று எழுதுவார்கள். ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலம் இந்த உதவித்தொகைக்கு 100 கோடி செலவழித்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அந்த 100 கோடியை ஒவ்வோர் ஆண்டும் மாநிலமே போட வேண்டும். செலவு 120 கோடியானால் மேலே உள்ள 20 கோடியை மட்டும் ஒன்றிய அரசு தரும்.

பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தது. அதற்குள் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியிருந்தது, செலவும் பல மடங்காகியிருந்தது. அந்த மொத்தச் சுமையும் ஒரே ஆண்டில் மாநிலங்களின் தலையில் இறங்கியது. தமிழ்நாடு, பஞ்சாப் போன்ற மாநிலங்கள் தாங்க முடியாது என்று எழுதின. 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி மட்டுமே. அரசுகள் பாக்கி வைத்தன, கல்லூரிகள் மாணவர்களை நெருக்கின. எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள் என்பதை எந்தக் கைடும் கேட்பதில்லை.

மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் தொடர்ந்து குரல் கொடுத்தன. அதன் பிறகுதான் 2020 டிசம்பர் 23 வந்தது. அன்று அறிவித்த 59,048 கோடியில் ஒன்றிய அரசின் பங்கு 35,534 கோடி. ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடியாகத் தன் பங்கு உயரும் என்று அரசே சொன்னது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தக்கூடிய மிக ஏழை மாணவர்கள் 1.36 கோடிப் பேரை உயர்கல்விக்குள் கொண்டுவருவோம் என்றும் அறிவித்தது.

முந்தைய மூன்று ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, வருமான வரம்பு. 2013இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் என்று வைத்தார்கள். 2021இல் வந்த புதிய நெறிமுறைகளிலும் அதே 2.5 லட்சம்தான். பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினருக்கு 2019இல் கொண்டுவந்த 10 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம். யார் ஏழை என்பதற்கு இந்த நாட்டில் இரண்டு அளவுகோல் இருக்கின்றன.

இரண்டு, பணம் வரும் வழி. மாநில அரசு தன் 40 விழுக்காட்டைப் போட்ட பிறகே ஒன்றிய அரசின் 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இடையில் ஊழல் குறையும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் ஒரு பக்கம் தாமதமானால் மறுபக்கமும் தாமதம். ஆதார் இணைப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தாமதம். கல்லூரிக்கு அந்தக் காரணமெல்லாம் வேண்டியதில்லை, கட்டணம்தான் வேண்டும்.

மூன்று, என்ன படிக்கலாம் என்பது. 2022இல் வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகை விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி இந்த உதவி கிடையாது. சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆராய்ச்சி செய்ய ஒரு தலித் மாணவருக்கு இந்தத் திட்டத்தில் வழி இல்லை. 1916இல் அண்ணல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையே இந்தியாவில் சாதிகளைப் பற்றியதுதான்.

பி.எம்.-அஜய்: பெயருக்குள் மறைந்த உரிமை

அடுத்த கேள்வி: "பி.எம்.-அஜய் திட்டம் எத்தனை திட்டங்களின் இணைப்பு?" விடை மூன்று. 2021-22இல் இணைத்தார்கள். ஆதர்ஷ் கிராமத் திட்டம், பாபு ஜெகஜீவன் ராம் விடுதித் திட்டம், பட்டியல் சாதித் துணைத்திட்டத்துக்கான சிறப்பு மத்திய உதவி ஆகியவை அந்த மூன்று.

இதில் மூன்றாவதன் வேர் 1979-80இல் வந்த சிறப்புக் கூறுத் திட்டம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1977இல் பீகாரின் பெல்ச்சி. 1978இல் நம் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு மராத்வாடாவில், பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைப்பதை எதிர்த்துச் சேரிகள் எரிந்தன. அந்தச் சூழலில், ஒன்றிய உள்துறையில் இருந்த பி.எஸ். கிருஷ்ணன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி இந்தத் திட்டத்தை வடிவமைத்தார். மக்கள்தொகையில் நம் விகிதம் எவ்வளவோ, திட்ட நிதியிலும் அவ்வளவு பங்கு என்பதுதான் கொள்கை. இது பங்கு, தானம் அல்ல.

அந்தப் பங்கை எப்படியெல்லாம் எடுத்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லியில் இந்த நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடிகள் திருப்பிவிடப்பட்டன. தலித் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளிக்கொண்டு வந்தன. நாடாளுமன்றத்தில் அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. துணைத்திட்டத்தைச் சட்டமாக்குங்கள் என்ற கோரிக்கை அதன் பிறகு வலுத்தது. பல ஆண்டு இயக்கத்துக்குப் பிறகு ஒன்றுபட்ட ஆந்திரா 2013இல் சட்டம் போட்டது. கர்நாடகமும் அதே ஆண்டு. தமிழ்நாட்டில் 2024இல்தான் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் இன்னும் இல்லை.

2017-18இல் திட்டச் செலவு, திட்டமில்லாச் செலவு என்ற பிரிவினையை எடுத்தபோது 'துணைத்திட்டம்' என்ற சொல்லும் ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து போனது. இப்போது 'பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீடு' என்று ஓர் அறிக்கை இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான உர மானியத்தில் ஒரு பகுதிகூட அந்தக் கணக்கில் சேர்கிறது. நிலமே இல்லாத நம் மக்களுக்கு உர மானியம்!

நமஸ்தே: சாக்கடைக்குள் இறங்கியவர்களின் வழக்கு

மூன்றாவது கேள்வி 'நமஸ்தே' திட்டம். கழிவுநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வோருக்கு இயந்திரம், பாதுகாப்புக் கருவி, மருத்துவக் காப்பீடு. 2023இல் தொடங்கியது என்று கைடு சொல்லும். இதற்கு முன் 2007இல் வந்த மறுவாழ்வுக்கான சுயவேலைத் திட்டம் இருந்தது என்பதைச் சொல்லாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க முதல் சட்டம் 1993இல் வந்தது. சட்டம் தூங்கியது. பெஜவாடா வில்சன் உள்ளிட்டோர் கட்டிய சஃபாய் கரம்சாரி அந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. இப்படி யாருமே எங்கள் மாநிலத்தில் இல்லை என்று அரசுகள் பதில் மனு போட்டன. இயக்கத்தினர் ஊர் ஊராகப் போய்ப் புகைப்படத்தோடு ஆதாரம் கொடுத்தார்கள். 2013இல் இரண்டாவது சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20இல் அது 30 லட்சமானது.

2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. சாக்கடையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை அதே அரசு வேறு தலைப்பில் வெளியிட்டு வந்தது. தலைப்பை மாற்றினால் சாவும் மாறிவிடுகிறது. திட்டத்தின் பெயரைப் படிக்கும்போது இந்தப் பதிலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாளை நாற்காலியின் அந்தப் பக்கம்

தோழர்களே, தேதியும் தொகையும் மனப்பாடம் செய்யுங்கள். மதிப்பெண் வேண்டும், வேலை வேண்டும். நம் வீடுகளில் அந்த வேலையின் அருமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோட்டில் ஒவ்வொரு திட்டத்துக்குக் கீழும் மூன்று வரி கூடுதலாக எழுதுங்கள். இதன் பழைய பெயர் என்ன? பணம் யார் தருகிறார்கள், எந்த வழியாக வருகிறது? இதைக் கேட்டது யார்?

நீங்கள் தேர்வானால் நாளை வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலோ அந்தக் கோப்பு உங்கள் மேசைக்குத்தான் வரும். அரசு கொடுக்கிற சலுகை என்று படித்தவர் அதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார். 1942 மனுவிலிருந்து வந்தது என்று தெரிந்தவர் அன்றே கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன்.

அந்தத் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு அவளே மனு எழுதினாள், நான் உடன் போனேன். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. ஸ்காலர்ஷிப் பணம் இன்னும் வரவில்லை. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

போன ஞாயிறு அவள் நோட்டைப் பார்த்தேன். 59,048 கோடி என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் '1942 அக்டோபர் 29' என்று எழுதியிருந்தாள்.

ஜெய்பீம்!