காலும் கருத்தும்: கிரிக்கெட் விதியொன்றின் வரலாறு

விளையாட்டு விதிகளை வகுப்போர், ஆடுகளத்தில் நிகழ்வதை வரையறுத்துக் கூறலாம். ஆடுபவனுடைய உள்ளத்தில் நிகழ்வதை வரையறுக்க இயலுமா? கிரிக்கெட்டில் 'எல்.பி.டபிள்யூ.' எனப்படும் விதியின் வரலாறு இவ்வினாவையே திரும்பத் திரும்ப எழுப்புகிறது.

1744-ஆம் ஆண்டு இலண்டனில் எழுதப்பெற்ற விதிகளில், விக்கெட்டை நோக்கி வரும் பந்தைக் காலால் மறிப்பதற்கென்று தனி விதி இல்லை. முறைகேடாக நிற்பதைப் பற்றி முடிவு கூறும் உரிமை மட்டும் நடுவருக்கு இருந்தது. எது முறைகேடு என்பது கூறப்படவில்லை. வளைந்த மட்டை மறைந்து நேரான மட்டை வந்தபின், ஆடுபவன் விக்கெட்டை ஒட்டி நிற்கலானான். அவன் காலும் குறுக்கே வந்தது.

1774-இல் கனவான்கள் சிலர் இலண்டனில் கூடி விதிகளைத் திருத்தினர். பந்தைத் தடுக்கும் கருத்துடன் காலை வைத்துத் தடுத்தவன் ஆட்டமிழப்பான் என்றனர். 'தற்செயலாகப் பட்டது' என்று ஒருவன் கூறிவிட்டால் நடுவர் என் செய்வார்? மேரிலிபோன் கிரிக்கெட் கழகம் 1788-இல் 'கருத்து' என்பதை நீக்கிவிட்டு, பந்து நேராக வந்து விழுந்திருக்க வேண்டும் என்று விதித்தது.

ஒரு சிக்கல் போயிற்று, மற்றொன்று முளைத்தது. 1823-ஆம் ஆண்டுத் திருத்தம் 'நேர்க்கோட்டில் வீசப்பட்ட பந்து' என்றது. எங்கிருந்து நேர்? வீசுபவன் கை விக்கெட்டுக்கு ஒரு பக்கமாக இருக்கிறது. ஆதலால் கையிலிருந்து விக்கெட்டுக்குச் செல்லும் கோடு வேறு. விக்கெட்டிலிருந்து விக்கெட்டுக்குச் செல்லும் கோடு வேறு. ஒரு நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு பொருள் கொள்வதைப் போலப் பெயர்பெற்ற நடுவர் இருவர் இதில் மாறுபட்டனர். இரண்டாவது பொருளே சரியென்று கழகம் 1839-இல் முடிவு செய்தது.

பந்து ஆஃப் பக்கத்தில் விழுந்து திரும்பினாலும் ஆட்டமிழப்பு உண்டென 1937-இல் விதி விரிந்தது. ஆயினும், காலில் படும் இடம் இரு விக்கெட்டுகளுக்கும் நேராக இருத்தல் வேண்டும். 1957-இல் பர்மிங்ஹாமில் மேற்கிந்தியத் தீவுகளை எதிர்த்து ஆடிய பீட்டர் மேயும் கொலின் கௌட்ரியும் இதனை நன்கு பயன்படுத்தினர். இந்திய வழிவந்த சோனி ராமாதின் வீசிய சுழற்பந்துகளைக் கோட்டுக்கு வெளியே கால்கவசத்தை நீட்டித் தடுத்தனர். இருவரும் சேர்ந்து 411 ஓட்டங்கள் குவித்தனர். ராமாதின் அந்த ஓர் இன்னிங்சில் மட்டும் 98 ஓவர்கள் வீசிக் களைத்தார். விதியின் எழுத்து மீறப்படவில்லை. அதன் நோக்கமோ தோற்றது.

மட்டையால் ஆட உண்மையாக முயலாதவன், ஆஃப் பக்கக் கோட்டுக்கு வெளியே காலில் பந்து பட்டாலும் ஆட்டமிழக்கலாம் என்பது 1980-ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் இடம்பெற்றது. 1788-இல் முன்வாயில் வழியே வெளியேறிய 'கருத்து', 'முயற்சி' என்னும் பெயரில் பின்வாயில் வழியே திரும்பிவிட்டது!

இன்று பந்தின் பாதையைக் கருவிகள் கணித்துக் காட்டுகின்றன. முயற்சி மெய்யா, பாவனையா என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பள்ளித் திடலில் நடுவராக நின்ற ஆசிரியர் எவருக்கும் இச்சங்கடம் புதிதன்று. விதியின் சொற்களைத் திருத்திக்கொண்டே இருக்கலாம். நடுவரின் நேர்மைக்கு ஈடான சொல்லை இதுவரை எவரும் எழுதிவிடவில்லை.